தலைமாட்டில் ஒரு பழப்பை

எங்கள் மருத்துவமனையின் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி மாறுவதில்லை. நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் சிறு அலமாரியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான்கு ஆப்பிள், இரண்டு மாதுளை, சில வேளைகளில் ஒரு கொத்துத் திராட்சை. பார்க்க வந்தவர்கள் அன்போடு கொண்டுவந்தவை சில. வீட்டார் தம் கையிருப்பைக் கரைத்து வாங்கியவை பல. சுற்றுப் பார்வைக்கு வரும் நாங்கள் நாடியைப் பார்க்கிறோம், காயத்தைப் பார்க்கிறோம், பரிசோதனைத் தாள்களைப் பார்க்கிறோம். அந்தப் பையை மட்டும் பார்த்ததில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நோயாளியின் மனைவி.

அவருடைய கணவர் கட்டட வேலைக்குச் செல்பவர். நீரிழிவால் காலில் ஏற்பட்ட புண் ஆழமாகி, அறுவைச் சிகிச்சை செய்து அழுகிய பகுதியை நீக்க வேண்டியிருந்தது. சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் இரத்தச் சர்க்கரை மட்டும் இறங்க மறுத்தது. இன்சுலின் அளவை ஒரு நாள் கூட்டினோம், மறுநாளும் கூட்டினோம். காலையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, பதினொரு மணிக்குப் பிறகு ஏறிவிடும். கிருமித் தொற்று இன்னும் தீரவில்லையோ என்று ஐயுற்று மேலும் பரிசோதனைகளுக்கு எழுதினோம்.

பத்தாம் நாள் முற்பகல், மருந்தகத்தின் வரிசையில் நின்றிருந்த அந்த அம்மையார் மயங்கி விழுந்தார். தூக்கிவந்து படுக்கவைத்துப் பரிசோதித்தோம். இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது. இரத்தச் சோகையும் இருந்தது. “காலையில் என்ன சாப்பிட்டீர்கள் அம்மா?” என்று கேட்டோம். தேநீரும் ஒரு பன்னும் என்றார். முந்தைய நாள் இரவு? அதுவும் அவ்வாறே. பணம் எங்கே செல்கிறது என்று மெல்லக் கேட்டபோது அவர் சொன்னார்: “தினமும் ஆப்பிளும் மாதுளை ஜூஸும் வாங்கிடுறேன் டாக்டர். நூத்தம்பது ரூபா ஆயிடுது. நீங்கதானே பழம் நெறையக் குடுக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க?”

அவர் சொன்னது உண்மை. அறுவைச் சிகிச்சை முடிந்த அனைவருக்கும் நாங்கள் கொடுத்துவந்த அச்சிட்ட தாளில், உணவு என்ற தலைப்பின் கீழ், “பழங்கள், பழச்சாறு நிறைய அருந்தவும்” என்று ஒரு வரி இருந்தது. யாருக்கு, எந்தப் பழம், எவ்வளவு என்று எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சர்க்கரை சேர்த்த மாதுளைச் சாற்றை ஒவ்வொரு நாளும் பத்தரை மணிக்குக் கணவருக்குக் கொடுத்து, தாம் பட்டினி கிடந்திருக்கிறார் அந்த அம்மையார். அதனால் ஏறிய சர்க்கரைக்கு நாங்கள் இன்சுலினைக் கூட்டிக்கொண்டிருந்தோம். இரு தரப்பிலும் உழைப்புக்குக் குறைவில்லை, பயன்தான் இல்லை.

இக்கட்டுரை அந்த வரியைத் திருத்தி எழுதும் முயற்சி. குறைந்த செலவில் நல்ல பழம் வாங்குவது எப்படி, யார் எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றை இங்கே முறையாகச் சொல்ல விரும்புகிறோம்.

விலையும் சத்தும் ஒன்றல்ல

நோயாளிக்கு ஆப்பிள்தான் உகந்தது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஒரு காலத்தில் ஆப்பிள் நம் ஊர்களில் அரிதாகக் கிடைத்தது, விலையும் அதிகம். அரிய பொருளைக் கொடுப்பது அன்பின் அடையாளமாயிற்று. அந்த மதிப்பு இன்றும் தொடர்கிறது. காஷ்மீரிலும் இமாசலத்திலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் அறுவடையாகும் ஆப்பிள், குளிர்பதனக் கிடங்குகளில் மாதக்கணக்கில் காத்திருந்து நம்மிடம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வருவதும் உண்டு. நாம் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு அந்த நீண்ட பயணத்துக்கும் கிடங்குக்கும் உரியது.

ஆப்பிள் கெட்ட பழம் என்று நாங்கள் கூறவில்லை. அதில் நார்ச்சத்து உண்டு. சில நோயாளிகளுக்கு அதுவே ஏற்ற பழம் என்பதையும் பின்னர் சொல்வோம். ஆனால் காயம் ஆறுவதற்குத் தேவையான வைட்டமின் சி என்ற ஒரே அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் ஆப்பிளில் அது 5 மில்லிகிராமுக்கும் குறைவு. 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவோ 100 மில்லிகிராமுக்குள்தான். ஆக, நடுத்தரமான ஒரு கொய்யாவில் பாதியே அன்றைய தேவையை நிறைவு செய்துவிடும். பெருநெல்லிக்காயும் இதே வரிசையைச் சேர்ந்தது. ஒரு காய் போதும்.

மாதுளையைப் பற்றியும் ஒரு சொல். அதன் சிவப்பு நிறத்தைப் பார்த்து, இரத்தம் ஊறும் என்று நம்புவோர் பலர். 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்புச்சத்து ஏறக்குறைய 0.3 மில்லிகிராம். அதே எடையுள்ள முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் உண்டு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது என்பது உண்மையே. அதற்கும் வழி இருக்கிறது. கீரைச் சோற்றோடு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டாலோ, உணவுக்குப் பின் ஒரு துண்டு கொய்யா உண்டாலோ, வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்க உதவும். இரத்தச் சோகைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரையை மாதுளைக்காக நிறுத்திவிட வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வெளிநாட்டுப் பெர்ரிகளும் உள்ளூர் நாவலும்

அண்மைக் காலமாகப் புறநோயாளிப் பிரிவில் ஒரு புதிய கேள்வி வருகிறது. கைப்பேசியில் காணொளி பார்த்த பிள்ளைகள், “அப்பாவுக்கு புளூபெர்ரி வாங்கிக் கொடுக்கலாமா? அது இதயத்துக்கு நல்லதாமே?” என்று கேட்கிறார்கள். சிறு பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு கைப்பிடி மட்டுமே இருக்கும் அந்தப் பழத்தின் விலை, பல குடும்பங்களின் ஒரு நாள் உணவுச் செலவுக்கு நிகர்.

புளூபெர்ரிக்கு அந்தக் கருநீல நிறத்தைக் கொடுப்பவை ஆந்தோசயனின் எனப்படும் நிறமிகள். அவற்றின் நன்மை பற்றி ஆராய்ச்சிகள் நடந்துவருகின்றன. அந்த நிறமிகள் புளூபெர்ரிக்கு மட்டும் உரியவை அல்ல. நாவற்பழம் உண்டபின் நம் நாவில் படியும் நீலம் அவற்றின் வேலைதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கறுப்புப் பன்னீர்த் திராட்சையின் தோலிலும் அவை உண்டு. ஆகவே புளூபெர்ரி வாங்க இயலவில்லையே என்று எந்தப் பிள்ளையும் வருந்த வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தள்ளுவண்டியில் நாவற்பழம் வரும்போது கால் கிலோ வாங்குங்கள். மற்ற மாதங்களில் அளவாகக் கறுப்புத் திராட்சை.

ஸ்ட்ராபெர்ரி வாங்க விரும்புவோர் குளிர்காலத்தில் வாங்கலாம். மகாராட்டிரத்தின் மகாபலேசுவரத்தில் அதுவே விளைச்சல் காலம். நம் மலைப்பகுதிகளிலிருந்தும் சிறிதளவு வருகிறது. பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாறு கசிந்திருந்தாலோ ஒரு பழத்தில் பூஞ்சை தெரிந்தாலோ அந்தப் பெட்டி வேண்டாம். மென்மையான இப்பழங்களில் ஒன்றின் பூஞ்சை மற்றவற்றுக்கும் விரைவில் பரவும்.

நாவலைக் குறித்து ஓர் எச்சரிக்கை. நாவற்கொட்டைப் பொடி நீரிழிவைக் குணமாக்கும் என்று கேள்விப்பட்டு, இன்சுலினை நிறுத்திவிட்டு மோசமான நிலையில் வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாவல் நல்ல பழம். அது மருந்துக்கு மாற்று அன்று.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கடைக்காரர் சொல்லும் கிலோ விலை நாம் உண்ணும் பகுதியின் விலை அன்று. மாதுளை கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தோலும் சவ்வும் போக ஏறக்குறைய பாதிதான் உண்ணக் கிடைக்கும். ஆகவே அதன் உண்மை விலை கிலோவுக்கு 400 ரூபாய். கொய்யா கிலோ 60 ரூபாய் எனில், தோலோடு உண்பதால் வீணாவது மிகக் குறைவு. உண்மை விலையும் கிட்டத்தட்ட 60 ரூபாயே. வாழைப்பழத்தில் தோல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உங்கள் ஊரில் இன்றைய விலை வேறாக இருக்கலாம். கணக்கு போடும் முறை மாறாது.

சாற்றுக்கும் இதே கணக்கைப் போடலாம். ஒரு குவளைச் சாற்றுக்கு இரண்டு மூன்று பழங்கள் தேவை. பிழிந்தபின் நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்கின்றன. பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் ஆனது என்பது நமக்குத் தெரியாது. அதே பணத்தில் முழுப் பழமாக வாங்கினால் இரண்டு நாட்களுக்கு வரும். மெல்லவோ விழுங்கவோ இயலாத நோயாளிக்கு மட்டும், எங்கள் அறிவுரைப்படி, பப்பாளியையோ வாழைப்பழத்தையோ மசித்துக் கொடுக்கலாம்.

பருவத்தை அறிந்து வாங்குவது அடுத்த வழி. பங்குனி, சித்திரையில் தர்பூசணியும் முலாம்பழமும் மலிவு. சித்திரை முதல் ஆனி வரை மாம்பழம். ஆனி, ஆடியில் நாவல். ஆவணி தொடங்கிச் சீத்தாப்பழம். ஐப்பசிக்குப் பிறகு நெல்லி வரத் தொடங்கும். தை, மாசியில் இலந்தை. வாழை, பப்பாளி, கொய்யா ஆகியவை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைப்பவை. பழனியை அடுத்த ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே விளைச்சல் மிகும் மாதங்களில் சுற்றுவட்டார ஊர்கள் எங்கும் விலை இறங்கிவிடும். பருவப் பழம் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. அதனால் விலையும் குறைவு, சுவையும் மிகுதி.

வாங்கும் இடமும் முக்கியம். மருத்துவமனை வாசலிலுள்ள கடைகளில் விலை சற்றுக் கூடுதலாக இருப்பது எங்கும் காணும் வழக்கம். நோயாளியை விட்டு அகல முடியாதவர்கள் அங்கேதான் வாங்குவார்கள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளிச் சென்றால் அதே பழம் குறைந்த விலையில் கிடைக்கும். முறை மாற்ற உறவினர் வீட்டிலிருந்து வரும்போது அங்கிருந்தே வாங்கிவரச் சொல்லலாம். 1999ஆம் ஆண்டு மதுரையில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள் இன்று தமிழகத்தின் பல நகரங்களில் இயங்குகின்றன. அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். விளைவித்தவரே விற்பதால் இடைத்தரகு இல்லை. காய்கறியோடு வாழை, கொய்யா, பப்பாளி, நெல்லி போன்றவையும் வரும். விடியற்காலையிலேயே சென்றால் நல்லவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்கறியும் பழமுமாகச் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் இதில் சேரா. அதில் பெரும்பகுதியைக் கீரையும் பொரியலும் கூட்டுமே நிறைவு செய்துவிடலாம். பழம் ஒரு வேளைக்கு ஒன்று போதும். இருவர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு கிலோ கொய்யா, ஆறு வாழைப்பழம், ஒரு சிறிய பப்பாளி, கால் கிலோ நெல்லி என்பது நிறைவான பட்டியல். இந்தப் பட்டியலைச் சிறுநீரக நோய் இல்லாதவர்களே அப்படியே பின்பற்றலாம். காரணத்தை அடுத்துச் சொல்கிறோம்.

யாருக்கு எந்தப் பழம்?

நீரிழிவு உள்ளவர்கள் பழமே உண்ணக்கூடாது என்பது தவறு; எவ்வளவும் உண்ணலாம் என்பதும் தவறு. ஒரு வேளைக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யா, ஒரு சிறிய வாழைப்பழம், ஒரு கிண்ணம் பப்பாளித் துண்டுகள், பதினைந்து திராட்சை, ஒரு சிறிய ஆப்பிள், சிறிய மாம்பழத்தில் பாதி, பலாச்சுளை இரண்டு. சோறு உண்ட உடனே பழத்தையும் சேர்க்காமல், முற்பகலிலோ மாலையிலோ தனியே உண்பது நன்று. சாறு வேண்டாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வந்தால், அப்போது தேவைப்படுவது விரைவாக ஏறும் சர்க்கரை. நினைவு தெளிவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் குவளைப் பழச்சாறோ உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் பழம் வாங்குவது மிகுந்த கவனத்துக்குரியது. அவர்களுடைய உடலில் பொட்டாசியம் தேங்கும். அது அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. ஒரு முழு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும். உடல் குளிர்ச்சிக்கு என்று அன்போடு வாங்கிவரும் இளநீர் இவர்களுக்கு ஆபத்தாகலாம். ஆரஞ்சு, கொய்யா, உலர்ந்த பழங்கள் ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை, அல்லது எங்களைக் கேட்டு அளவாக உண்ண வேண்டியவை. ஆப்பிள் இவர்களுக்கு ஏற்ற பழம் என்று முன்னர் சொன்னது இதனால்தான். 100 கிராமில் பொட்டாசியம் ஏறக்குறைய 100 மில்லிகிராம் மட்டுமே. அதைவிட மலிவாக வேண்டுமெனில் கொடைக்கானல், உதகைப் பகுதிகளிலிருந்து வரும் பேரிக்காயும், அன்னாசியும் இதே வகையைச் சேர்ந்தவை. குறைந்த பொட்டாசியம் உள்ள பழமானாலும் அளவு மீறக் கூடாது.

சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாத பழம் ஒன்று உண்டு. குறுக்கே வெட்டினால் ஐந்து முனை கொண்ட நட்சத்திரம்போல் தோன்றும் ஸ்டார் ஃப்ரூட். அதிலுள்ள நச்சுப் பொருளை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது இயலாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, சில வேளைகளில் மரணம் வரை அது கொண்டுசெல்லும்.

இதயம் பலவீனமாகி, நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று நாங்கள் அளந்து கொடுத்தவர்கள் தர்பூசணியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதில் பெரும்பகுதி நீர்தான். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள், வாழை, சாத்துக்குடி போன்று தோலை உரித்து உண்ணும் பழங்களை வீட்டிலேயே கழுவி, உரித்த உடனே உண்ணுவது நல்லது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவற்றின் வேகத்தைப் பம்பளிமாசு மாற்றிவிடக்கூடும். அப்பழத்தை உண்ணும் வழக்கமுள்ளவர்கள் மருந்துச் சீட்டோடு வந்து கேளுங்கள்.

காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரு சொல். உடல் தேறுவதற்கு முதலில் வேண்டியது புரதம். ஒரு மாதுளை வாங்கும் பணத்தில் பல முட்டைகள் வாங்கலாம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை உண்ணாதவர்களுக்குப் பயறும் சுண்டலும் நிலக்கடலையும் உண்டு. அரசு காசநோயாளிகளின் வங்கிக் கணக்கில் செலுத்திவரும் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. பதிவு செய்துகொள்ளாதவர்கள் எங்கள் காசநோய்ப் பிரிவை அணுகுங்கள். அத்தொகை முட்டைக்கும் பருப்புக்கும் முதலில் செல்லட்டும். பழம் அதன் பிறகு.

தேர்ந்தெடுத்தலும் பேணுதலும்

‘கல் வைத்துப் பழுக்க வைத்த’ பழம் என்று நாம் சொல்வது, கால்சியம் கார்பைடைக் கொண்டு பழுக்க வைத்ததை. அதன் பயன்பாடு இந்தியாவில் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. எத்திலீன் வாயுவைக் கொண்டு முறையான அறைகளில் பழுக்க வைப்பதற்கு அனுமதி உண்டு; பழங்கள் பழுக்கும்போது தாமே வெளியிடும் வாயுவும் அதுதான். கல் வைத்த மாம்பழம் தோலில் சீரான மஞ்சளாக மின்னும். முகர்ந்தால் மணம் இராது. அறுத்தால் உள்ளே காயாக இருக்கும். பருவத்துக்கு முன்பே சந்தைக்கு வரும் பழத்தை வாங்காதிருப்பதே எளிய பாதுகாப்பு. செங்காயாக வாங்கி வீட்டில் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்க வைக்கலாம்.

ஒட்டப்பட்ட சிறு ஒட்டுவில்லையைப் பார்த்து உயர்ந்த பழம் என்று எண்ண வேண்டாம். அது தரச் சான்று அன்று. வாழைப்பழத்தின் தோலில் கரும்புள்ளிகள் விழுந்திருந்தால் அதை ஒதுக்கவும் வேண்டாம். உள்ளே கெட்டியாக இருந்தால் அது நன்கு பழுத்த பழம். கடைக்காரர் மாலையில் மலிவாகவும் கொடுப்பார். பூஞ்சை படிந்ததும், புளித்த வாடை வீசுவதும், சாறு கசிவதும் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

வாழைப்பழம் வாங்கும்போது இரண்டு பழுத்தது, இரண்டு பாதி பழுத்தது, இரண்டு செங்காய் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாம் கனிந்து வீணாவதை இவ்வாறு தவிர்க்கலாம். நெல்லியை வேகவைத்து உப்புநீரில் இட்டால் சில நாட்கள் இருக்கும்; இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் பச்சையாகவே கொடுங்கள்.

உண்பதற்குச் சற்று முன், ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். தோலை நீக்கி உண்ணும் பழமானாலும் கழுவிய பின்னரே வெட்டுங்கள். இல்லையெனில் தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுசெல்லும். வெட்டிய பழத்தை வார்டில் மணிக்கணக்கில் திறந்துவைக்க வேண்டாம். சாலையோரம் வெட்டிவைத்து விற்கும் பழத்தை நோயாளிக்கு வாங்கிவரவே வேண்டாம். முழுப் பழமாக வாங்கினால் விலையும் குறைவு; வயிற்றுப்போக்கு வரும் அச்சமும் இல்லை.

பார்க்க வருபவர்களுக்கு

வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நம் பண்பாடு. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பத்துப் பேர் பத்து ஆப்பிள் பை கொண்டுவந்தால், அவற்றுள் பெரும்பாலானவை அலமாரியிலேயே சுருங்கிப்போகின்றன. வருமுன் ஒரு தொலைபேசி அழைப்பில், “என்ன சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். அதைவிடச் சிறந்தது, துணைக்கு இருப்பவருக்கு ஒரு வேளை வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவருவது. ஒரு மணிநேரம் நோயாளியின் அருகில் நீங்கள் அமர்ந்து, அவரைக் குளித்துவிட்டு வரச் சொல்வதும் பெரிய உதவியே. துணையாள் உடல்நலத்தோடு இருந்தால்தான் நோயாளி வீடு திரும்பியபின் பராமரிப்பு நடக்கும். இதை நாங்கள் அந்த அம்மையார் மயங்கி விழுந்த நாளில் கற்றோம்.

மாதுளைச் சாறு நின்றது. அதற்குப் பதிலாகக் காலையில் இரண்டு முட்டையும், முற்பகலில் ஒரு கொய்யாவும் என்று நாங்கள் எழுதிக்கொடுத்தோம். மூன்று நாட்களில் இன்சுலின் அளவைக் குறைக்க முடிந்தது. மீந்த பணத்தில் அவர் மதியம் சாப்பிட வேண்டும் என்பதையும் அதே சீட்டில், மருந்து எழுதுவதுபோல் எழுதினோம். எழுதாவிட்டால் சாப்பிட மாட்டார் என்று தோன்றியது. அவருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துக் கணவரைக் காட்ட வந்தபோது காயம் சிவந்து ஆறிவந்தது. “நீங்க சாப்பிடுறீங்களா அம்மா?” என்று கேட்டதற்கு, பையிலிருந்து சோற்றுத் தூக்கை எடுத்துக் காட்டினார்.

அச்சிட்ட தாளிலிருந்த அந்த வரியை நீக்கிவிட்டோம். இப்போது அந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவரோ உணவியல் நிபுணரோ கையால் எழுத வேண்டும். வேலைப்பளுவில் நாங்கள் மறந்துபோகக்கூடும். அப்படி மறந்தால் நீங்கள் கேளுங்கள். எந்தப் பழம், ஒரு நாளைக்கு எவ்வளவு, எதைத் தவிர்க்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். நாங்கள் நேரமில்லை என்று சொன்னாலும் நின்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அடுத்த முறை சுற்றுப் பார்வைக்கு வரும்போது, தலைமாட்டிலுள்ள பையையும் நாங்கள் பார்ப்போம். அதை ஒளித்துவைக்க வேண்டாம்.